பழைய கார்களில் எஞ்சின் இயக்க வெப்பநிலை

தண்ணீரால் குளிரூட்டப்படும் பழைய பெட்ரோல் எஞ்சின், சூடேறியபின் நிலையாக ஓடும் வெப்ப அளவு. பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். இதைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட்: அதனுள் உள்ள மெழுகு ஏறத்தாழ 82 டிகிரியில் உருகி விரிந்து வால்வைத் திறந்த பிறகே தண்ணீர் ரேடியேட்டருக்குப் பாயும். வெயில் நாட்டுக்கு இது தேவையில்லை என்று கழற்றி வீசும் மெக்கானிக்குகள் உண்டு, தவறான வைத்தியம். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும், ஆயிலில் ஈரம் தங்கும்.

வெப்பநிலை மீட்டரின் முள் 100 டிகிரியைத் தொட்டாலே தண்ணீர் கொதித்துவிட்டது என்று பொருளல்ல. பிரஷர் குக்கரைப் போல, ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் கொதிநிலையை உயர்த்துகிறது. சூடாக இருக்கையில் அதைத் திறக்கக் கூடாது என்பதும் அதனால்தான். ஏற்றத்திலும் நெரிசலிலும் முள் சற்று ஏறுவது இயல்பு. எஞ்சினை நிறுத்தியதும் ஏறுவதும் அப்படியே: தண்ணீர் ஓட்டம் நின்றாலும் இரும்பின் சூடு உடனே தணியாது. பழைய மீட்டரை முழுதாக நம்பவும் முடியாது. மின்சார வகையில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் பழுதானால், நல்ல எஞ்சினிலும் முள் சிவப்புக்குப் போகும்.