ஹெலிகாப்டருக்கு உழைத்தவர்கள் யார் யார்?

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேற்றம் சென்றிருந்தவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். ஊர் மக்களும் தீயணைப்புத் துறையினரும் காவல் துறையினரும் நடந்தே மேலேறினார்கள். கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. இவ்வளவு முயன்றும் 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சாலையில்லாத மலைச்சரிவில் ஆபத்து நேர்ந்தால் நாம் ஹெலிகாப்டரைத்தான் எதிர்பார்க்கிறோம். அதை உருவாக்கியவர்கள் அனைவரும் விமானப் பொறியியல் படித்தவர்கள் என்று நீங்கள் எண்ணக்கூடும். வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

பிரான்சு நாட்டின் பால் கோர்னு சைக்கிள் செய்பவர். 1907இல் இரண்டு சுழலிகள் கொண்ட இயந்திரம் ஒன்றை அமைத்தார். அது அவரைச் சுமந்து தரையை விட்டுச் சற்றே எழும்பியதாகச் சொல்வார்கள். அதற்குப் போதிய ஆற்றல் இருந்திருக்குமா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆயினும் முன்னோடிகளின் வரிசையில் அவருக்கு இடம் உண்டு.

ஸ்பெயின் நாட்டின் ஹுவான் தே லா சியெர்வா கட்டுமானப் பொறியியல் படித்தவர். அவர் செய்த ஆட்டோஜைரோ என்ற வானூர்தியில் மேலுள்ள சுழலியை இன்ஜின் சுற்றுவதில்லை, எதிர்க்காற்றே சுற்றியது. அவருடைய முதல் ஊர்திகள் பக்கவாட்டில் கவிழ்ந்தன. ஏன் தெரியுமா? ஊர்தி முன்னேறும்போது, சுழலியின் ஒரு பக்கத்து இறகு காற்றை எதிர்த்து வருகிறது. மறுபக்கத்து இறகு காற்றோடு செல்கிறது. எதிர்த்து வரும் இறகுக்குத் தூக்குவிசை மிகுதி. ஆகவே ஊர்தி சாய்ந்துவிடுகிறது. ஆனால் பிரம்புத் தண்டுகளாலான இறகுகள் கொண்ட அவருடைய சிறு மாதிரி மட்டும் நேராகப் பறந்தது. பிரம்பு வளைந்து கொடுத்ததே காரணம். இதை உணர்ந்த அவர், இறகின் அடியில் கதவுக்கு உள்ளது போன்ற கீலைப் பொருத்தினார். 1923 ஜனவரியில் அவருடைய ஆட்டோஜைரோ பறந்தது. பின்வந்த ஹெலிகாப்டர்களுக்கும் இக்கருத்து உதவிற்று.

அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த இகோர் சிக்கோர்ஸ்கி 1909இல் ஹெலிகாப்டர் செய்யத் தொடங்கித் தோற்றார். பிறகு பெரிய விமானங்கள் செய்தார். அமெரிக்கா சென்று கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1939 செப்டம்பர் 14 அன்றுதான் அவருடைய வி.எஸ்.300 ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பியது. இடையில் கழிந்தவை 30 ஆண்டுகள்! அமெரிக்காவின் ஆர்தர் யங் கணிதம் பயின்றவர், தத்துவத்தில் நாட்டம் கொண்டவர். சிறு மாதிரிகளை வைத்துப் பல ஆண்டுகள் தனியே சோதனை செய்தார். அவர் வடிவமைத்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கான உரிமச் சான்று பெற்றது.

ஓட்டியவர்களையும் பாருங்கள். 1944 ஏப்ரலில், நம் அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து சிக்கோர்ஸ்கியின் ஆர்-4 ஹெலிகாப்டர் ஒன்று பர்மா சென்றது. எதிரிகளின் பகுதிக்குள் விழுந்த ஒரு விமானியையும் காயமுற்ற மூன்று வீரர்களையும் அது மீட்டது. அதை ஓட்டிய கார்ட்டர் ஹார்மன் இசை பயின்றவர். போருக்குப்பின் பத்திரிகைகளில் இசை பற்றி எழுதியவர். அவரால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடிந்தது. காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறைகிறது, உயரத்திலும் குறைகிறது. அடர்த்தி குறைந்தால் இறகுகளின் தூக்குவிசையும் இன்ஜினின் ஆற்றலும் குறைகின்றன. மலைமேல் தீ எரியும்போது ஹெலிகாப்டர் ஓட்டுவது ஏன் கடினம் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். புகை கண்ணை மறைக்கும். சரிவில் இறங்க இடமும் இராது.

நம் நாட்டில் பெங்களூரிலுள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 1960களில் பிரெஞ்சு உரிமத்தின் பேரில் சேத்தக் ஹெலிகாப்டரைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்நிறுவனமே வடிவமைத்த துருவ் 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்தது. துருவின் சுழலியில் கீல்கள் இல்லை. வலிய இழைகளாலான பாகம் தானே வளைந்து கீலின் வேலையைச் செய்கிறது. பிரம்பு கற்பித்த பாடம் புது வடிவில் திரும்பி வந்திருக்கிறது!

ஒரு ஹெலிகாப்டர் புறப்பட விமானி மட்டும் போதாது. இன்ஜினைச் சோதிக்கும் மெக்கானிக், உலோகத்தைக் கடையும் டர்னர், பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர், மின்கருவிகளைப் பார்ப்பவர், வானிலை கணிப்பவர், பறக்கத் தகுதியென்று கையெழுத்திடும் பராமரிப்புப் பொறியாளர் என இத்தனை பேரும் வேண்டும். இவர்களில் ஒருவர் கவனம் தவறினாலும் மேலே செல்பவர்களின் உயிருக்கு ஆபத்து.

மாணவர்களே! தேனியிலோ கம்பத்திலோ சின்னமனூரிலோ ஐ.டி.ஐ.யில் படிக்கும் நீங்கள், விமானத் துறை நமக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்கள் ஐ.டி.ஐ.யிலேயே கற்பிக்கப்படுகின்றன. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் விமானப் பராமரிப்புப் பொறியியல் பயிலலாம். சைக்கிள் செய்தவரும் கணிதம் கற்றவரும் இசை பயின்றவரும் கூடிச் செய்த பணி இது. இன்னும் உயரமான மலையில், இன்னும் சூடான காற்றில், மேலும் பலரைக் காப்பாற்றும் இயந்திரம் இனியும் தேவைப்படுகிறது. உங்கள் கைத்திறன் அதில் எங்கே பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள்.