தாத்தாவின் குரலும் நாலு எர்ரரும்

"ஏன்டா, தாத்தா வாயை அசைக்கறார், சத்தமே வரலையே?"

போன மாசம் லீவுல ஸ்ரீரங்கம் போயிருந்தப்போ பாட்டி கேட்ட கேள்வி இது. சாஃப்ட்வேர் கம்பெனியில குப்பை கொட்டுற பேரனால ஒரு வீடியோவை டிவியில சத்தத்தோட ஓட்ட முடியலைன்னா மானம் என்ன ஆகும்? :-) அந்த மானத்தைக் காப்பாத்த ரெண்டு நாள் ஆச்சு. வழியில கொஞ்சம் சரித்திரமும் கிடைச்சுது. அதுதான் இந்தப் பதிவு.

மொதல்ல வீடியோ பத்தி. 2008 சித்திரைத் தேர் அன்னிக்கு எங்க வீட்டுத் திண்ணையில தாத்தா உட்கார்ந்து பேசறதை பெரியப்பா பையன் கேமரா போன்ல எடுத்தான். நாலரை நிமிஷம். நான் அப்போ அஞ்சாவதோ ஆறாவதோ, பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தேன். 2011-ல தாத்தா போயிட்டார். போன், மெமரி கார்டு எல்லாம் அதுக்கு முன்னாடியே போயாச்சு. மிச்சம் இருக்கறது அண்ணன் அப்போ ஒரு வீடியோ தளத்துல ஏத்தி வெச்ச பிரதி மட்டும்தான். அந்தக் கணக்கோட பாஸ்வேர்ட் அவனுக்கே ஞாபகம் இல்லை. ஆக, பிரவுசர்ல ஒரு டவுன்லோட் எக்ஸ்டென்ஷன் போட்டு இறக்கறதுதான் ஒரே வழி.

முதல் எர்ரர் உண்மையில 2008-லயே வந்தது. அந்தக் காலத்து போன்கள் 3ஜிபி ஃபார்மட்ல பதிவு பண்ணும். படம் 176க்கு 144 புள்ளி, கிட்டத்தட்ட தபால்தலை சைஸ். ஒலி ஏஎம்ஆர், அதாவது நொடிக்கு 8000 சாம்பிள். அண்ணன் அதை எஃப்எல்வி-யா மாத்தி தன்னோட பக்கத்துல போடப் பார்த்தான். 2005-ல யூட்யூப் வந்ததுலேர்ந்து இணையத்துல வீடியோன்னாலே ஃப்ளாஷ், ஃப்ளாஷ்னா எஃப்எல்வி. மாத்தறதுக்கு எஃப்எஃப்எம்பெக். ஃபப்ரீஸ் பெல்லார்ங்கற பிரெஞ்சுக்காரர் 2000-ல ஆரம்பிச்சது. இன்னிக்கும் பாதி கன்வர்ட்டர்களுக்கு உள்ள ஓடற இன்ஜின் அதுதான். அது அண்ணன்கிட்ட சொன்னது: இந்த சாம்பிள் ரேட்டை எஃப்எல்வி ஏத்துக்காது, 44100, 22050, 11025 இதுல ஒண்ணை எடுத்துக்கோ.

உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் முட்டிக்கிட்ட சுவர் இது. காரணம் ரொம்ப சிம்பிள். 8000-ங்கறது டெலிபோன்காரங்க கணக்கு. 44100-ங்கறது மியூசிக் சிடி-காரங்க கணக்கு, மத்த ரெண்டும் அதோட பாதியும் கால்வாசியும். ரெண்டு பரம்பரை, ரெண்டு கோத்திரம். பொருத்தம் இல்லை. கட்டளையில 'ஏஆர் 22050'-ன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா முடிஞ்சிருக்கும். அண்ணனுக்குத் தெரியலை, வெறுத்துப் போய் வீடியோ தளத்துல ஏத்திட்டான். இப்போ நினைச்சா அந்த எர்ரருக்குத்தான் நன்றி சொல்லணும். அது வரலைன்னா பிரதியே இருந்திருக்காது.

ரெண்டாவது எர்ரர் இந்தத் தடவை. டவுன்லோட் பாதியில கரண்ட் போச்சு. கிடைச்ச எம்பி4 ஃபைல் திறக்கவே இல்லை. 'மூவ் ஆட்டம்' காணோம்னு புலம்பல். எம்பி4-ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற அட்டவணைக்குப் பேர்தான் மூவ். பல ஃபைல்கள்ல அது கடைசியில இருக்கும். கடைசிப் பக்கம் வரலைன்னா மொத்தப் புத்தகமும் வேஸ்ட். பழைய எஃப்எல்வி அப்படி இல்லை, துண்டு துண்டா வரிசையா எழுதினது. பாதி வந்தா பாதி ஓடும். புதுசு எல்லா விதத்துலயும் பழசை விட உசத்தின்னு யார் சொன்னது?

மறுபடி முழுசா இறக்கினேன். அப்போதான் பாட்டியோட கேள்வி. படம் இருக்கு, குரல் இல்லை. மூணாவது எர்ரர், ஆனா மெசேஜே கிடையாது. சத்தமில்லாத எர்ரர்.

இதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. எஃப்எல்வி காலத்துல ஒரு வீடியோன்னா ஒரே ஃபைல், படமும் ஒலியும் ஒண்ணா இருக்கும். எக்ஸ்டென்ஷனுக்கு வேலை சுலபம், போற வழியில மடக்கிப் பிடிச்சா போதும். 2009-ல ஆப்பிள் ஹெச்எல்எஸ்-னு ஒரு முறை கொண்டு வந்தது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளா வெட்டி, நெட் வேகத்துக்கு ஏத்த தரத்துல அனுப்பறது. 2012-ல எம்பெக் டேஷ் சர்வதேசத் தரமாச்சு. 144, 360, 720, 1080-ன்னு ஒவ்வொரு தரத்துக்கும் அதே ஒலியைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வைக்கறது வீண்தானே? அதனால தளங்கள் படத்தைத் தனியா, ஒலியைத் தனியா பிரிச்சு வெச்சாங்க. பிரவுசர் ரெண்டையும் வாங்கி ஓட்டும்போது சேர்த்துக்கும். 2015 ஜனவரியில யூட்யூப் ஃப்ளாஷை விட்டு ஹெச்டிஎம்எல்5-க்கு மாறினது. 2020 டிசம்பர் 31-ஓட ஃப்ளாஷுக்கே காரியம் ஆச்சு.

என் எக்ஸ்டென்ஷன் பிடிச்சது படத்தை மட்டும். குரல் பக்கத்துல தனி ஃபைலா கிடந்தது, லிஸ்ட்டைக் கீழ தள்ளிப் பார்த்தா இருக்கு!

சரி, ரெண்டையும் சேர்த்துடலாம்னு பட்டனை அமுக்கினா 'கன்வர்ஷன் தோல்வி'. நாலாவது. 2017 நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தப்போ பழைய பாணி எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒரே நாள்ல செத்துப் போச்சு. புது விதிப்படி எக்ஸ்டென்ஷன் உங்க கம்ப்யூட்டர்ல இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனா சேர்க்கற, மாத்தற வேலைக்குத் தனியா ஒரு துணை மென்பொருள் போட்டாகணும். வீட்டு லேப்டாப்ல இருந்தது ரொம்பப் பழசு. குரல் இருந்ததோ ஓபஸ் கோடெக்ல. அதை எம்பி4 டப்பாவுல போட பழைய எஃப்எஃப்எம்பெக் மறுத்துடும். போட்டாலும் எங்க டிவிக்குப் புரியாது. லிஸ்ட்லயே ஏஏசி ஒலி ஒண்ணு இருந்தது. அதை எடுத்து, எதையும் மறுபடி என்கோட் பண்ணாம 'காப்பி'ன்னு சொல்லி ஒட்டினேன். ஒரு நொடி கூட ஆகலை.

தாத்தா பேசினார்.

அவர் சொன்னது நம்பெருமாள் கதை. 1323-ல டில்லிப் படை வந்தப்போ உற்சவரைத் தூக்கிண்டு பிள்ளை லோகாசாரியரும் மத்தவங்களும் கிளம்பினது, மதுரைப் பக்கம், மலையாளம், மேல்கோட்டை, திருமலைன்னு ஊர் ஊரா மறைச்சு வெச்சது, 48 வருஷம் கழிச்சு 1371-ல கோபண்ணர் திரும்பக் கொண்டு வந்தது. வந்து பார்த்தா சன்னிதியில வேற ஒரு மூர்த்தி. எது அசல்? தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்லை. கண் தெரியாத ஒரு வயசான வண்ணார் மட்டும் இருந்தாராம். ரெண்டு பேரோட ஈரத் துணியையும் பிழிஞ்சு தீர்த்தமா வாங்கிக் குடிச்சுப் பார்த்து, இவர்தான் நம்பெருமாள்னாராம். கோயிலொழுகு சொல்ற கதை.

குரல் தெளிவா இருந்தது. பின்னாடி வந்த நாதஸ்வரம்தான் தகர டப்பா மாதிரி. ஏஎம்ஆர் மனுஷத் தொண்டையை மாதிரியா வெச்சு செஞ்சது, பேச்சைக் காப்பாத்தும், இசையை நசுக்கும். நொடிக்கு 8000 சாம்பிள்னா 4000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இருக்காது. 2008-ல அந்த போன் விட்டதை எந்தக் கன்வர்ட்டராலும் இனிமே கொண்டு வர முடியாது.

அதனால மக்களே, ஒண்ணே ஒண்ணு. ஃபார்மட் மாத்தற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். டப்பாவை மட்டும் மாத்தினா போதும்னா கோடெக்கைத் தொடாதீங்க. மாத்தியே ஆகணும்னாலும் அசலை அழிக்காதீங்க. உங்க வீட்டுத் தாத்தா பாட்டி வீடியோ ஏதாவது தளத்துல மட்டும் கிடந்தா இந்த ஞாயித்துக்கிழமையே இறக்கி வெச்சுடுங்க.

பாட்டிக்குக் கண் இப்போ சரியா தெரியறதில்லை. டிவி பக்கத்துல நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிண்டு நாலரை நிமிஷமும் கேட்டாங்க. நடுவுல தாத்தா ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"அவரேதான்டா. பொடி போட்டிருக்கார் பார்" அப்படின்னாங்க.

டிஸ்கி: எங்க குடும்ப வீடியோ, எடுத்தவன் சம்மதத்தோட இறக்கினது. ஊரான் வீட்டுப் படத்தை இறக்க வழி கேட்டு பின்னூட்டம் போடாதீங்கப்பா :-)