அம்மை வந்த ஆண்டில் பிறந்த தொண்டு

1697இல் கண்டியைப் பெரியம்மை பிடித்தது. தடுப்பூசி என்ற ஒன்று உலகத்துக்குக் கிடைக்க இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. ஊராருக்குத் தெரிந்த ஒரே வழி விலகி ஓடுவது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனும் பிரதானிகளும் தலைநகரை விட்டு வெளியேறினார்கள். போக முடிந்தவர்கள் பின்னாலேயே போனார்கள். அம்மை கண்டவர்களை வீட்டார் காட்டுக்குள் கொண்டுபோய், கொஞ்சம் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. வீட்டில் மிச்சமிருந்த பிள்ளைகளைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

அந்தக் காட்டைத் தேடி இரண்டு கத்தோலிக்கக் குருமார் போனார்கள். ஒருவர் யோசேவாஸ் அடிகளார். மற்றவர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த யோசே கர்வாலோ.

இலங்கையில் கிறிஸ்தவ தர்மம் அதற்கு முன்பே இருந்ததுதான். போர்த்துக்கேயர் ஆட்சியில் ஏழைகளையும் நோயாளரையும் பார்க்க ‘மிசரிக்கோர்தியா’ என்ற இரக்கச் சபை கொழும்பில் இயங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் கோட்டை இருந்தது, பீரங்கி இருந்தது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனதோடு அந்தக் காலம் முடிந்தது. கத்தோலிக்கக் குருமாருக்கு ஒல்லாந்தர் தடை போட்டார்கள்.

அந்தத் தடைக்குள்தான் 1687இல், கூலியாள் வேடத்தில், யோசேவாஸ் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்; தமிழ் கற்றார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலேயே சிங்களமும் படித்தார். கண்டியில் அவருக்கு எந்தக் கோட்டையும் இல்லை. அங்கே அவர் அரசனுடைய கைதியாகத்தான் தொடங்கினார்.

அப்படிப்பட்டவர்தான் அம்மைக் காலத்தில் ஊரை விட்டு ஓடாமல் நின்றார். காட்டில் கிடந்தவர்களுக்கு அவரும் கர்வாலோவும் குடிசை போட்டார்கள். ஆட்கள் விட்டுப்போன வீடுகளை நோயாளர் விடுதிகளாக மாற்றினார்கள். பெரியம்மையில் வாய்க்குள்ளும் தொண்டையிலும்கூடக் கொப்புளம் போடும். காய்ச்சலில் நா வறண்டு கிடப்பவரால் பக்கத்தில் இருக்கும் சட்டியைக்கூட எட்டி எடுக்க முடியாது. நோயோடு தாகமும் பட்டினியும் சேர்ந்துதான் பலரைக் கொல்லும். ஆகவே தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் பருக்குவதும், சீழ் வடியும் உடம்பைக் கழுவித் துடைப்பதுமே அன்றைக்குப் பெரிய வைத்தியம். அதை இருவரும் நாள்தோறும் செய்தார்கள். இறந்தவர்களைத் தாங்களே சுமந்து புதைத்தார்கள். பௌத்தரா, சைவரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுவது எளிது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயில் அதை நடத்திக் காட்டியதைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

நோய் தணிந்து அரசன் திரும்பினான். அந்தக் குருமார் இல்லாதிருந்தால் தெருவெல்லாம் பிணமாகக் கிடந்திருக்கும் என்று அவன் சொன்னதாக மரபு. மறைப்பணிக்கு அவன் முழுச் சுதந்திரம் கொடுத்தது அந்தச் சேவைக்குப் பிறகே. 1705இல் வந்த குரு யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியது அந்தச் சுதந்திரத்தின் நிழலில்தான்.

1711 ஜனவரி 16இல் யோசேவாஸ் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14இல், கொழும்பு காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்தை அவர் விஷயத்தில் பாப்பரசர் கேட்கவில்லை.