நீரின்மேல் ஒரு பொத்தான்

பெட்ரோல் எஞ்சின் தோன்றிய நாள் முதல், யாராவது ஒருவர் அதனை வெளியிலிருந்து சுழற்றிவிட்டாலன்றித் தானாக ஓடத் தொடங்காது என்ற குறை அதன் உடன்பிறப்பாகவே இருந்து வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் காரின் முன்னே இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவது நித்திய காரியம். அந்தக் கைப்பிடி எதிர்த்து உதறி மணிக்கட்டை முறிப்பதும் அபூர்வமான விபத்தல்ல. படகுக்காரரின் நிலையும் அதைவிட மேலாக இருக்கவில்லை. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய வெளிப்புறப் படகு எஞ்சினின் மேற்சக்கரத்தில் ஒரு குமிழ் இருந்தது. அதைப் பிடித்துச் சுழற்றியதும் கையை விலக்கிக்கொள்ளத் தவறியவருடைய விரல் முட்டிகளை அதே குமிழ் பதம் பார்த்துவிடும்.

இந்தத் துன்பத்துக்கு முடிவு கட்டியவர் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப் பெட்டியை மின்சாரத்தால் இயக்குவதற்காக முன்னமே ஒரு சிறு மோட்டாரை அமைத்திருந்த அவர், நாள் முழுதும் சுழல வேண்டிய மோட்டாருக்கும் ஒரு கணம் மாத்திரம் உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவத்தால் கண்டவர். சிறிய மோட்டாரேயானாலும் சில விநாடிகளுக்கு மட்டும் அதன் சக்திக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றினால் அது தாங்கும் என்ற அந்த ஒரே உண்மையை அவர் காருக்குக் கொண்டுவந்தார். 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈயத் தகட்டு பாட்டரியின் வழிவந்த பாட்டரி ஒன்றும், அத்தகைய மோட்டார் ஒன்றும் சேர்ந்து, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களைக் கைப்பிடியின் உதவியின்றி எழுப்பின. நீரின்மேல் ஓடும் ஜெட் ஸ்கீ என்ற வண்டி, பழையதாகி, செல்ஃப் எடுக்காமல் கரையிலேயே நின்றுபோகும்போது, அதனைப் பழுது பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம் கெட்டரிங்கின் இந்த விதிதான் என்பது என் துணிபு. சில விநாடி உழைப்புக்கென்றே செய்த மோட்டாரை நிமிஷக்கணக்கில் சுழற்றினால், முதலில் இருந்த கோளாறு எதுவாயினும், மோட்டார் எரிந்துபோவது இரண்டாவது கோளாறாக வந்து சேரும். ஐந்து விநாடி அழுத்திப் பார்த்து, கிளம்பாவிட்டால் சற்று ஆறவிட்டு மீண்டும் அழுத்துவதே முறை.

நீரின்மேல் மோட்டார் சைக்கிளைப் போல ஓட்டக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணம், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபாடு கொண்ட கிளேட்டன் ஜேகப்சன் என்ற அமெரிக்கருக்கு 1960களில் உதித்தது. கனடாவில் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரிலிருந்த பொம்பார்டியர் நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, உட்கார்ந்து ஓட்டும் ஸீ-டூ வண்டியை 1968இல் வெளியிட்டது. அது நிலைக்காமல் சில ஆண்டுகளிலேயே சந்தையை விட்டு மறைந்தது. பின்னர் ஜப்பானின் காவசாகி நிறுவனம் அவருடைய மற்றோர் அமைப்பை, நின்றுகொண்டு ஓட்டும் வகையை, மேற்கொண்டு 1973இல் ஜெட் ஸ்கீ என்ற பெயரால் விற்கத் தொடங்கியது; இரண்டொரு ஆண்டுகளில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலேயே அதன் உற்பத்தியும் நிலைபெற்றது.

இந்த வண்டியை ஓட்டுபவர் நீரில் விழுவது விபத்தல்ல, விளையாட்டின் ஓர் அங்கமே. விழுந்தவர் ஆழமான நீரில், காலூன்ற இடமின்றி, ஆடிக்கொண்டிருக்கும் வண்டியின்மேல் மீண்டும் ஏறி, எஞ்சின் நின்றுபோயிருந்தால் அதனை உடனே கிளப்ப வேண்டியவராயிருக்கிறார். அந்த நிலையில் கயிற்றை இழுப்பதும் நடவாது, உதைத்துக் கிளப்புவதும் நடவாது. ஆகவே மற்றப் படகுகளில் சௌகரியத்துக்காகச் சேர்த்த மின்சாரப் பொத்தான், இங்கே அத்தியாவசியமாயிற்று. பாட்டரியும், பெரும் மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும் ரிலேயும், மோட்டாரும், நீர் தெறிக்கும் இடத்திலேயே, ஒரு மனிதன் இரு கையால் தழுவக்கூடிய அளவுள்ள ஓட்டுக்குள்ளே, எஞ்சினுக்கு அருகிலேயே அடங்க வேண்டியதாயிற்று. அக்காலத்துப் பொறியாளர்கள் அதற்குக் கண்ட உபாயம் ரப்பர் வளையமிட்டு இறுக மூடிய ஒரு மின்சாரப் பெட்டி. 1977இல் வெளிவந்து 1990களின் தொடக்கம் வரை விற்பனையான ஜே.எஸ். 440 போன்ற வண்டிகளில், பற்றவைக்கும் பொறிக்கான மின்சாரத்தைச் சக்கரத்தோடு சுழலும் காந்தமே தந்துவிடுவதால், பாட்டரிக்கு வேலை எஞ்சினைச் சுழற்றிவிடுவது ஒன்றே. இவ்வளவு எளிமையான அமைப்பைப் பிற்காலத்து வண்டிகளில் நான் காணவில்லை.

1980களின் பிற்பகுதியில் யமஹாவின் வேவ்ரன்னரும், 1988இல் மறுபிறவி எடுத்த ஸீ-டூவும், உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளைப் பெருக்கின. 1990களின் நடுவில் ஸீ-டூ வண்டிகளுக்கு மின்னணுச் சாவி வந்தது. ஓட்டுபவரின் மேலங்கியில் கட்டும் கயிற்றின் நுனியிலுள்ள தொப்பிக்குள் ஓர் அடையாளம் பதிந்திருக்கும்; அதனை இடத்தில் பொருத்தியதும் இரண்டு சிறு ஒலி எழுந்தால், வண்டி தன் உரிமையாளரை அறிந்துகொண்டது என்று பொருள். ஒலி எழாவிட்டால் மோட்டாரையும் ரிலேயையும் கழற்றிப் பார்ப்பது வீண் சிரமம்; தொப்பியையும், அது அமரும் குமிழையும், அங்கிருந்து செல்லும் மெல்லிய கம்பிகளையுமே முதலில் கவனிக்க வேண்டும்.

ஆனால் சாவி மாறினாலும் பகைவன் மாறவில்லை. உப்பு நீர் செம்பைத் தின்னும் என்பதைக் கப்பற்காரர்கள் வெகுகாலமாக அறிவர். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்துச் செம்புத் தகடுகள் அரிக்கப்படுவதை ஆராய்ந்த ஹம்ப்ரி டேவி, துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டுகளாகச் சேர்த்தால் செம்பு காப்பாற்றப்படும் என்று 1824இல் காட்டினார். செம்பு காப்பாற்றப்பட்டது உண்மையே. செம்பின் நஞ்சு நின்றுபோகவே பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன என்பது அந்த ஆராய்ச்சியின் சோகமான பின்பகுதி. ஜெட் ஸ்கீயின் கம்பிகளுக்கு அத்தகைய காவல் துண்டு ஏதும் இல்லை. கம்பி முனைக்கவ்வியில் பச்சை பூத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். கவ்வி நுழையும் வாயில் புகுந்த ஈரம், ரப்பர் உறைக்குள்ளே இழைக்கு இழை ஏறி, செந்நிறமாக இருக்க வேண்டிய செம்பை விரற்கடை விரற்கடையாகக் கறுப்பாக்கிவிடுவது மாத்திரம் வெளியே தெரிவதில்லை. வெளித்தோற்றத்தில் புத்தம்புதிதாக இருக்கும் கம்பியை வெட்டிப் பார்த்தால் கரித்துண்டு போன்ற இழைகள் உதிரும். வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளைப் படகுக் கம்பிகளுக்கு வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பழுதை அறியும் வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் எவ்விதச் சத்தமும் இல்லையென்றால் பாட்டரி, ஃபியூஸ், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, பொத்தான் கம்பி இவற்றுள் ஒன்று. ‘கிளிக்’ என்ற ஒலி மாத்திரம் எழுந்து எஞ்சின் அசையாவிட்டால், ரிலே தன் கடமையைச் செய்கிறது, ஆனால் பெரும் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். நல்ல பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டி, எஞ்சினைச் சுழற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாகச் சரியாமல் நிற்கும். ஓய்வில் முழுமையாகக் காட்டிவிட்டுப் பாரம் ஏறியதும் ஆறு ஏழுக்கு வீழ்ந்துவிடும் பாட்டரி செத்ததே. பாட்டரி தேறிவிட்டால், மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைக் குமிழின்மேலேயே, கவ்வியின்மேல் அன்று, வைத்து, மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்தில் அழுத்திக்கொண்டு, மற்றொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் பாதையில்தான் மின்சாரம் வீணாகிறது. நேர்முனைக் குமிழிலிருந்து மோட்டாரின் திருகாணி வரைக்கும் இதே பரீட்சை. இதனைச் செய்யாமல் மோட்டாரையும் ரிலேயையும் ஒன்றன்பின் ஒன்றாக விலைகொடுத்து மாற்றுவோரைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. மாற்ற வேண்டியிருந்தது பெரும்பாலும் ஒரு கம்பி.

இந்தப் பரீட்சைக்கு முன் இருக்கையைக் கழற்றி ஓட்டுக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவியைப் போகவிட வேண்டும். உள்ளே பெட்ரோல் எஞ்சின் கொண்ட படகுகளின் மின்கருவிகள் ஆவியைப் பற்றவைக்காத வகையினவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதித்திருப்பது இதனால்தான். ரிலேயின் இரு திருகாணிகளைத் திருப்புளியால் இணைத்துப் பொறி பறக்கச் செய்யும் பழக்கம் காரில் மன்னிக்கத்தக்கது. இங்கே உயிருக்கு ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. மின்சாரக் கோளாறின் வேஷத்தில் நீரே வந்து நிற்கும். கவிழ்ந்த வண்டியைப் பின்புற ஒட்டுச்சீட்டில் காட்டிய திசைக்கு மாறாக நிமிர்த்தினாலும், கரையில் குழாய் நீர் விட்டுக் கழுவும்போது எஞ்சினை நிறுத்தியபின் நீரை அடைத்தாலும், சிலிண்டருக்குள் நீர் புகலாம். நீர் அமுங்காது, பிஸ்டன் ஏறாது, ‘கிளிக்’ என்ற அதே ஒலிதான் கேட்கும். பிளக்குகளைக் கழற்றி, பிளக் கம்பிகளை உரிய எர்த் முனைகளில் செருகி, பொத்தானைத் தொட்டதும் பிளக் துவாரங்களிலிருந்து நீர் பீறிட்டு வெளிவந்தால் பழுது மின்சாரத்தில் இல்லை என்பது உறுதியாகும். அதன்பின் உள்ளே எண்ணெய் தெளித்து, அன்றைக்கே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிவிட வேண்டும். தாமதித்தால் உருளை பேரிங்குகளில் துரு பிடித்து எஞ்சினையே பிரிக்க நேரும்.