நெஞ்சுவலியும் நேரமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வாணிபம் செய்துவரும் தமிழரை நம் நேயர்கள் அறிவர். அந்நகரில் இருதய மருத்துவம் வளர்ந்த வரலாறு, தாயகம் விட்டு வாழும் நம் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

1951-இல் அங்கு மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் மக்களுக்கென மாடிக் கட்டடம் ஒன்றை வழங்கினர். 1976-இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் நோயாளரை ஏற்கத் தொடங்கியது. 1980-இல் நாடாளுமன்றம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கிற்று.

வல்லுநர் வந்தனர், பெருங்கருவிகளும் வந்தன. ஆயினும் மாரடைப்பு நள்ளிரவில் வரும்போது, அருகிலுள்ள சிறு மருத்துவமனையே பலர்க்குப் புகலிடம். அங்கும் செய்யத்தக்கன உண்டு. ஆஸ்பிரினும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் உயிர் காப்பன என்பதை 1988-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று நிறுவியிருந்தது. அவை உரியவர்க்கு உரிய நேரத்தில் கிடைத்தனவா என்பதே வினா.

திருச்சூர் டாக்டர் பி. பி. மோகனன், ஸ்ரீ சித்திரை நிறுவனத்தின் டாக்டர் எஸ். ஹரிகிருஷ்ணன் முதலானோர் அதற்கு விடை தேடினர். 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் 25,748 நோயாளரின் விவரங்கள் பதிவாயின. வலி தோன்றி ஆறு மணி நேரம் கடந்து வந்தவரிடையே மரணம் மிகுந்திருந்தது. கட்டி கரைக்கும் மருந்து, தேவையற்றவர்க்கும் தரப்பட்டிருந்தது.

எனவே, 2014 முதல் 2016 வரை 63 மருத்துவமனைகளில், 21,374 நோயாளரிடையே ஒரு சோதனை நடைபெற்றது. செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் குறித்த சரிபார்ப்புத் தாள், சிகிச்சையின் குறைநிறைகளை அவ்வப்போது எடுத்துரைக்கும் அறிக்கை, நோயாளர்க்கான அறிவுரைத் தாள், ஊழியர்க்கான பயிற்சி ஆகியவையே அதன் கருவிகள்.

பயன் யாது? முப்பது நாட்களுக்குள் மரணம் முதலிய பெருந்தீங்குற்றோர், இம்முறைக்கு முன் நூற்றுக்கு 6.4 ஆகவும், பின் 5.3 ஆகவும் இருந்தனர். ஆனால் காலப்போக்கில் தானே நிகழ்ந்த முன்னேற்றத்தை நீக்கிப் பார்த்தபோது, தாள்களின் தனிப்பயன் உறுதிப்படவில்லை. 2018-இல் ஆய்வாளர் இதனை ஒளிக்காமல் வெளியிட்டமை போற்றத்தக்கது. மருத்துவமனைக்குள் ஒழுங்கு வேண்டும். அது மட்டும் போதாது என்பதே நாம் பெறும் பாடம்.

வாயிலுக்கு வெளியே கழியும் நேரமோ நம் கையில் உள்ளது. நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி தோளுக்கும் கைக்கும் பரவுமாயின், வாயுக் கோளாறென்று சுக்குக் கஷாயம் அருந்தி விடியலுக்குக் காத்திருத்தல் ஆகாது. இ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனை எது என்பதை முன்னரே அறிந்து வைப்போம். நெஞ்சுவலியை மலையாளத்தார் ‘நெஞ்சுவேதன’ என்பர். வாழும் ஊரின் மொழியில் அந்த ஒரு சொல்லையேனும் நம் வீட்டார் அனைவரும் கற்றிருத்தல் நன்று.