அரை மணி நேரத்துக்கு முன்னும் பின்னும்

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்துப் பருத்தி ஆலை ஊர்களில் ஒன்று அக்ரிங்டன். 1914இல் அதன் மக்கள்தொகை சுமார் 45,000. முதல் உலகப் போர் மூண்ட சில வாரங்களிலேயே அந்த ஊர் மேயர் ஜான் ஹார்வுட், ஒரு முழுக் காலாட்படை பட்டாலியனை உள்ளூரிலேயே திரட்டித் தருவதாகப் போர் அமைச்சகத்திடம் ஏற்றுக்கொண்டார். போர் அமைச்சர் கிச்சனரின் புதிய சேனைக்கு ஆள் தேவைப்பட்ட நேரம் அது. ஒன்றாக வேலை பார்த்தவர்களும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களும் ஒன்றாகவே சேர்ந்து ஒன்றாகவே போரிடலாம் என்ற வாக்குறுதி நாடெங்கும் இளைஞர்களை இழுத்தது. அக்ரிங்டனில் செப்டம்பர் 14 அன்று தொடங்கிய ஆள்சேர்ப்பு பத்தே நாளில் ஆயிரம் பேரைத் தாண்டியது. கிழக்கு லங்காஷயர் ரெஜிமெண்டின் 11ஆம் பட்டாலியன் என்பது அதன் முறையான பெயர். மக்கள் வாயில் அது அக்ரிங்டன் பால்ஸ், அதாவது அக்ரிங்டன் தோழர்கள். 1916 ஜூலை 1 காலை, பிரான்சின் சோம் போர்முனையில் செர் கிராமத்தை நோக்கிப் புறப்பட்ட சுமார் 720 பேரில் 584 பேர் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அரை மணி நேரத்துக்குள் இதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. நூறாண்டு கடந்தும் அந்தப் பட்டாலியன் பேசப்படுவது இந்த அரை மணி நேரத்தைக் கொண்டுதான். அது மட்டுமே நினைவில் நிற்பது அந்தச் சிப்பாய்களுக்குப் பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். சாவை மட்டும் நினைத்தால் அவர்கள் வாழ்ந்தது மறைந்துபோகிறது. யார் அவர்கள், எதற்காகச் சேர்ந்தார்கள், பிறகு அந்தப் பட்டாலியன் என்னவானது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

பெயரில் அக்ரிங்டன் இருந்தாலும் அந்தப் பட்டாலியனில் சுமார் பாதிப்பேரே அக்ரிங்டனையும் அதை ஒட்டிய சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள். ஒரு கம்பெனி சோர்லி நகரத்தில் திரட்டப்பட்டது, இன்னொன்று பர்ன்லியில். பிளாக்பர்னிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சோர்லிக்காரர்களுக்கென்று அவர்களுடைய ஊரில் தனி நினைவுச் சிலை எழும்பியது 2010இல்தான். ஓர் ஊரின் துக்கமாகச் சொல்லும்போது கதைக்குக் கூர்மை வந்துவிடுகிறது, உண்மைதான். அந்தக் கூர்மைக்காகப் பக்கத்து ஊர்த் தாய்மார்களின் இழப்பு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அடுத்த ஊரின் பெயருக்குள் ஒளிந்து கிடந்தது.

எதற்காகச் சேர்ந்தார்கள் என்பது இன்னும் கனமான விஷயம். அக்ரிங்டனில் அதிகம் பேருக்கு வேலை கொடுத்தது ஹோவர்ட் அண்ட் புல்லோ நிறுவனம். நூற்பு இயந்திரங்கள் செய்து உலகெங்கும் விற்ற பெரிய பட்டறை. 1914 கோடையில் அங்கே தொழில் தகராறு முற்றி, நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அதே சமயத்தில் பருத்தித் தொழிலும் படுத்திருந்தது. போர் மூண்டதும் நிலைமை மேலும் மோசமானது. மாவட்டத்தில் வார்ப்பட்டறைக்காரர், தறிக்காரர் என்று கையில் கூலி இல்லாமல் நின்ற கூட்டத்துக்கு முன்னால்தான் ஆள்சேர்ப்பு மேசை போடப்பட்டது. சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங். மணமானவன் என்றால் மனைவிக்குத் தனிப்படி. பத்து நாளில் பட்டாலியன் நிறைந்ததை வெறும் தேசபக்தி வெள்ளமாக மட்டும் எழுதுகிற வரலாறு இந்தப் பசியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

வேலையில்லாததால் சேர்ந்தார்கள் என்று சொல்வது அவர்கள் தியாகத்தைக் கொச்சைப்படுத்துவதாகாதா என்று கேட்கலாம். கேட்பவர்களின் மனக்கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மனிதன் நாட்டுக்காகவும் வீட்டு வாடகைக்காகவும் நண்பன் சேர்ந்துவிட்டான் என்பதற்காகவும் ஒரே கையெழுத்தைப் போட முடியும். அக்ரிங்டனிலேயே வேலையிழந்தும் சேராதவர்கள் இருந்தார்கள். வேலை இருந்தும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். எனவே பசி எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஆனால் அதை விட்டுவிட்டால் அந்த ஆண்கள் கணக்குப் பார்க்கத் தெரிந்த தொழிலாளர்கள் என்பது மறைந்து, பாட்டுக்கு மயங்கிப் போன பிள்ளைகளாக மட்டுமே நிற்பார்கள். அவர்களைச் சிறுமைப்படுத்துவது அதுதான்.

1916 ஜூலை 1 பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழு நாள் இடைவிடாத பீரங்கித் தாக்குதலில் ஜெர்மானியரின் முள்கம்பி அறுந்திருக்கும், அகழிகளில் உயிரே இருக்காது என்று மேலிடம் நம்பியது. முள்கம்பியில் பெரும்பகுதி அறுபடவே இல்லை. ஜெர்மானியர் மண்ணுக்குள் ஆழமாகத் தோண்டிய அறைகளில் பத்திரமாக இருந்தார்கள். தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்னதாக 7.20க்குப் பக்கத்துப் போமோன்-அமெல் பகுதியில் ஹாதார்ன் மேட்டின் கீழே கண்ணிவெடி வெடிக்கவைக்கப்பட்டது, தாக்குதல் வருகிறது என்பதற்கு மணி அடித்தது போலாயிற்று. பால்ஸின் முதல் வரிசைகள் அந்த நேரத்திலேயே அகழியை விட்டு வெளியேறிப் புல்வெளியில் படுத்திருந்தன, 7.30க்கு எழுந்து நடந்தன. எதிரே இயந்திரத் துப்பாக்கிகளோடு நின்றது 169ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், தென்ஜெர்மனியின் பாடன் மாநிலத்து லார், ஃபில்லிங்கன் ஊர்களில் முகாம் கொண்டிருந்த படை. அவர்களும் ஏதோ ஒரு ஊரின் பிள்ளைகள்தான். அன்று செர் கிராமம் பிடிபடவில்லை. 1917 பிப்ரவரியில் ஜெர்மானியர் தாமாகவே பின்வாங்கிய பிறகுதான் அது பிரிட்டிஷார் கைக்கு வந்தது.

அந்த நாளையே நினைவின் மையமாக்கியது வெளியார் அல்ல, ஊரே அப்படித் தேர்ந்தது என்பது என் வாதத்துக்கு எதிரான வலுவான பதில். அக்ரிங்டனின் ஓக் ஹில் பூங்காவில், ரெஜினால்ட் புளோம்ஃபீல்டு வடிவமைத்த நினைவுத்தூண் திறக்கப்பட்டது 1922 ஜூலை 1 அன்று. முதல் உலகப் போரில் இறந்த 865 பேரின் பெயர்கள் அதில் உண்டு. செர் அருகே நினைவுப் பூங்காவில் அக்ரிங்டன் செங்கல்லால் கட்டிய சிறு சுவரும் பின்னாளில் எழுந்தது. தன் துக்கத்தை எந்த நாளில் நிறுத்திவைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஊருக்கே உண்டு. அதை நான் மறுக்கவில்லை. பெயர்களைப் பொறித்ததே பெரிய காரியம். தமிழ்நாட்டின் சில கிராமங்களிலும் இந்தியாவின் வேறு பகுதிகளிலும் அதே போருக்காக அரசு வைத்த கல்வெட்டுகளில் இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. அவற்றோடு ஒப்பிட்டால் அக்ரிங்டன் பாக்கியம் செய்த ஊர். ஆனால் ஓக் ஹில் தூணில் உள்ள பெயர்கள் பல ரெஜிமெண்டுகளில், நான்கு ஆண்டுகளில், பல போர்முனைகளில் இறந்தவர்களுடையவை. கல் அந்த நாளுக்குள் அடங்கவில்லை. மேடையும் நாடகமும் வழிகாட்டிகளின் பேச்சும்தான் அதை அந்த நாளுக்குள் அடக்கின.

ஜூலை 1க்குப் பிறகும் பட்டாலியன் இருந்தது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916 ஜனவரியிலேயே வந்துவிட்டதால், இழந்தவர்களின் இடத்தை எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நிரப்பினார்கள். அந்தப் பட்டாலியனுக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் பதக்கத்துக்கு உரியவர் அக்ரிங்டன்காரர் அல்ல. கொழும்பில் பிறந்து அங்கே செயின்ட் தாமஸ் கல்லூரியில் படித்து, இலங்கையின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பேசில் ஹோர்ஸ்ஃபால். 1918 மார்ச் 27 அன்று ஜெர்மானியரின் பெருந்தாக்குதலில் அவருடைய கம்பெனியின் மற்ற அதிகாரிகள் மூவரும் இறந்தோ காயமுற்றோ போக, தலையில் அடிபட்டிருந்தும் சிகிச்சைக்குப் போக மறுத்து எதிர்த்தாக்குதல் நடத்தினார். பின்வாங்கும் உத்தரவு வந்தபோது கடைசி ஆளாக நிலையை விட்டார். போகும் வழியில் கொல்லப்பட்டார். வயது 30. கல்லறை இல்லை, போசியேர் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் உண்டு. 'ஊர்ப் பிள்ளைகளின் படை' என்ற ஒரே சட்டகத்துக்குள் இவரை எங்கே வைப்பது? அவரையும், அவரோடு நின்ற பெயர் தெரியாத புதுவரவுகளையும் விட்டுவிட்டால் பட்டாலியனின் வரலாற்றில் பின்பாதியே இருக்காது.

பிழைத்து வந்தவர்களைப் பற்றி எந்தத் தூணும் பேசுவதில்லை. அவர்கள் திரும்பி வந்தது சரியப்போகிற பருத்தித் தொழிலுக்கு. போருக்கு முன் 1913இல் பிரிட்டன் சுமார் 700 கோடி கஜம் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்தது; அதில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது இந்தியா. 1920களில் இந்தியாவில் ஆலைகள் பெருகியதும், ஜப்பான் துணி வந்ததும், அதன்பின் அந்நியத் துணி பகிஷ்காரமும் சேர்ந்து அந்தச் சந்தையைச் சுருக்கின. லங்காஷயரில் தறிகள் வரிசை வரிசையாக நின்றன. 1931 செப்டம்பரில் காந்தி அந்த மாவட்டத்துக்குப் போனபோது தங்கிய டார்வன், அக்ரிங்டனிலிருந்து பத்து மைல் தொலைவுக்குள்தான். தங்கள் வேலை போனதற்கு அவருடைய இயக்கமும் ஒரு காரணம் என்று அறிந்த ஆலைத் தொழிலாளர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். செர் வயலிலிருந்து உயிரோடு திரும்பிய பால்ஸ் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டோ கடந்தோ இருந்தவர்கள். 1914இல் கதவடைப்பில் நின்ற அதே தலைமுறை, பதினேழு ஆண்டு கழித்து மறுபடி வேலைக்காக வரிசையில் நின்றது.