மறைக்கத் தகாத நினைவு



தோவாளைச் சந்தையிலிருந்து புறப்படும் மாலைகள் மணப்பந்தலுக்குப் போவதுபோலவே, பெரியோரின் சிலைகளுக்கும் போகின்றன. அடுத்த நாளே மாலை வாடிவிடும். சிலையில் நிற்பவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வைக்கிறோமோ, அதுவே நிலைத்து நிற்கும். இந்த வாரம் கல்விக்கு வழி திறந்த சில பெண்களை நினைவுகூர்ந்து, நாம் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் காப்பின் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஃபேனி ஜாக்சன் காப்பின் என்ற கருப்பினப் பெண்மணியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவர் 1837ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர். அவருடைய அத்தை தன் சொற்பக் கூலியிலிருந்து 125 டாலர் சேர்த்து, அச்சிறுமியை விலை கொடுத்து மீட்டார். ஓபர்லின் கல்லூரியில் 1865ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஃபேனி, பிலடெல்பியாவில் கருப்பின இளைஞருக்கான கல்வி நிலையத்தின் தலைமைப் பொறுப்பை 1869 முதல் 1902 வரை வகித்தார். பின்பு போதகரான தம் கணவருடன் தென் ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்திற்காகச் சென்றார்.

மேரி மெக்லியாட் பெத்தூனும் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த மகளே. அவர் 1904ஆம் ஆண்டு டேட்டோனாவில் ஐந்து சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த பணியாரங்களை விற்றுப் பள்ளிக்குப் பணம் சேர்த்தார். அப்பள்ளி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. அவருடைய வீடும் கல்லறையும் அதன் வளாகத்திலேயே உள்ளன. இவ்விரு வளாகங்களிலும் அடிமைத்தனத்தின் கதை மறைக்கப்படுவதில்லை. அதைச் சொல்லித்தான் அந்தப் பெண்களைக் கனம்பண்ணுகிறார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். நாகர்கோவிலில் 1819ஆம் ஆண்டளவில் மீட் போதகரின் துணைவியார் ஜோகன்னா செலஸ்டினா அம்மையாரும், அவரைத் தொடர்ந்து மார்த்தா மால்ட் அம்மையாரும் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க முன்வந்தார்கள். அந்த விதையிலிருந்து வளர்ந்ததே இன்றைய டதி பெண்கள் பள்ளி. மால்ட் அம்மையார் 1821ஆம் ஆண்டு ரேந்தை என்னும் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் ரேந்தை கடல் கடந்தும் புகழ் பெற்றதை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். ஆனால் அதைப் பின்னிய சிறுமிகளில் சிலர் அடிமைகள் என்பதையும், அந்தப் பின்னல் கூலியைக் கொண்டே அவர்களுடைய விடுதலை வாங்கப்பட்டது என்பதையும் எத்தனை வீடுகளில் சொல்லுகிறோம்? திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுமையாக ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். அரசாணைக்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் சிறுமிகள் தங்கள் விரல்களால் விடுதலையைச் சம்பாதித்தார்கள்.

கற்றதற்காக அவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. குப்பாயம் அணிந்ததற்காகப் பெண்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கு இரையாயின. மேலாடை அணியும் உரிமைக்கு 1859ஆம் ஆண்டின் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளியில் பயின்ற பெண்கள் ஆசிரியைகளாகவும் உபதேசியார்களின் மனைவிமாராகவும் சிற்றூர்களுக்குச் சென்று, பிற பெண்களுக்கு எழுத்தறிவித்தார்கள். மிஷனெரிகளின் பெயர்கள் கற்களில் இருக்கின்றன, அது தகும். அந்த முதல் ஆசிரியைகளில் பெரும்பாலோரின் பெயர்களோ நம் நாவில்கூட இல்லை.

பிரியமானவர்களே, இது மறதியினால் மட்டும் நேர்ந்ததா? நம் குலம் உயர்ந்தது என்று காட்ட விரும்பும்போது, அடிமையாயிருந்த பாட்டியின் கதை நமக்குத் தடையாகத் தோன்றுகிறது. ஆகவே ரேந்தையைச் சொல்லி, அதைப் பின்னிய கையின் விலங்கைச் சொல்லாமல் விடுகிறோம். கர்த்தரோ இஸ்ரவேலுக்கு இதற்கு எதிரானதையே கற்பித்தார். எகிப்தில் அடிமைகளாயிருந்ததை நினைத்துக்கொள்ளும்படி உபாகமம் திரும்பத் திரும்பக் கட்டளையிடுகிறது. அந்த நினைவு அவர்களைத் தாழ்த்துவதற்காக அன்று. தங்கள் வாசலில் நிற்கும் வேலைக்காரனையும் அந்நியனையும் அவர்கள் இரக்கத்தோடு நடத்த வேண்டும் என்பதற்காகவே. தன் முன்னோரின் அடிமைத்தனத்தை மறைப்பவன், இன்று ஒடுக்கப்படுகிறவனைத் தன் சகோதரனாகக் காண்பது கடினம்.

ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பெபேயாளையும் பெர்சியாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். ரூபின் தாயையும் நேரேயின் சகோதரியையும் பெயர் சொல்லாமலே வாழ்த்துகிறார். பெயர் எழுதப்படாதவர்களுக்கும் அந்த வாழ்த்தில் இடமுண்டு.

உங்கள் மகளோ பேத்தியோ பட்டம் பெறும் நாளில் இந்தக் கதையை அவளுக்கு முழுமையாகச் சொல்லுங்கள். ரேந்தை பின்னித் தன்னை மீட்டுக்கொண்ட சிறுமி ஒருத்தி அவளுக்கு முன்னே அந்த வழியில் நடந்தாள் என்று சொல்லுங்கள். உண்மையைக் கூச்சமின்றி நினைவுகூரும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.